அது வேற, இது வேற

என் வீட்டில் ‘வேறு’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதற்குப் பொருள் சொல்லும் தகுதி எனக்கு மட்டும்தான் உண்டு. இதுவரை யாரும் கேட்காததால் அந்தத் தகுதி புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

தகுதி என்று பெருமைக்காகச் சொல்லவில்லை. திருச்சியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன் நான். புரூஃப் பார்ப்பவனுக்குச் சோறு போடுவதே வித்தியாசம்தான். அறை எங்கே அரையாகிறது, கறி எங்கே கரியாகிறது, பறவை எங்கே பரவையாகிக் கடலில் விழுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ‘வேறு’ என்பதை ‘வேரு’ என்றே கோத்துவைக்கும் கம்பாசிட்டர் ஒருவர் எங்களிடம் இருந்தார். “மரத்துக்கு அடியில் இருப்பது வேர், மற்றதெல்லாம் வேறு” என்று அவருக்கு ஒரு சூத்திரம் செய்துகொடுத்தேன். அடுத்த ஃபாரத்தில் ஓர் ஆலமரம் வேறூன்றி நின்றது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ‘வேறாக’ என்ற சொல்லே வேறாகத்தான் இருந்தது. அன்றைய ‘றா’வுக்குத் துணைக்கால் கிடையாது, ற-வோடு ஒட்டிய ஒரு சுழிதான். பெரியார் கைக்கொண்டிருந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் தமிழக அரசு ஆணையாக்கிய பிறகுதான் அதற்கும் மற்ற எழுத்துகளைப் போல ஒரு கால் கிடைத்தது. அந்த மாற்றத்தின்போது பழைய சுழியும் புதிய காலும் ஒரே பக்கத்தில் கலந்து வந்துவிடாமல் காவல் காத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்படி எழுத்தெழுத்தாக வித்தியாசம் பார்த்தவனைத்தான் என் மனைவி, “உங்களுக்கு எதுலயாவது வித்தியாசம் தெரியுமா?” என்று கேட்கிறாள். கேள்வி மாதிரி இருப்பதால் ஒரு காலத்தில் நான் அதற்குப் பதில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அகராதியைத் திறந்தால் ‘வேறு’ என்பதற்கு மற்றது, பிறிது, தனி என்றெல்லாம் போட்டிருக்கும். எல்லாம் சாதுவான பொருள்கள். வீட்டில் புழங்கும் ‘வேற’ அப்படிச் சாது அல்ல. அது பெயருக்கு முன்னால் வந்தால் ஒரு பொருள், பின்னால் வந்தால் இன்னொரு பொருள். ‘வேற விருந்தாளி’ என்றால் இவர் அல்ல, இன்னொருவர், அவ்வளவுதான். ‘விருந்தாளி வேற’ என்றால் ஏற்கெனவே கேஸ் தீர்ந்துவிட்டது, வேலைக்கார அம்மா வரவில்லை, மோட்டார் ஓடவில்லை என்று பொருள். வந்திருப்பவர் என் பக்கத்துச் சொந்தம் என்பது குறிப்புப் பொருள்.

முன்னால் நின்றால் பிரிக்கிறது, பின்னால் நின்றால் கூட்டுகிறது. பிரிப்பதற்கென்றே பிறந்த சொல் இப்படிக் கூட்டல் கணக்குப் போடுவதை வேறு மொழிக்காரர்களுக்கு விளக்கிப் புரியவைப்பது கஷ்டம். அதிலும் அது கூட்டுவதெல்லாம் துன்பத்தையே. மழை வேற, தலைவலி வேற, ஸ்கூல் ஃபீஸ் வேற. ‘சம்பளம் வந்துடுச்சு, போனஸ் வேற!’ என்று பேசிக்கொள்ளும் குடும்பங்களும் நாட்டில் இருக்கலாம். அவற்றோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை.

இந்தப் பின்னால் நிற்கும் ‘வேற’யின் முழு வலிமையையும் நான் உணர்ந்தது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க மேஸ்திரியைக் கூப்பிட்டபோதுதான். அவர் வந்தார். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார், டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். நியாயமாகத்தான் இருந்தது. நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, மிச்சப் பணத்தில் ஒரு சாய்வு நாற்காலி வாங்குவது என்று தீர்மானித்தும்விட்டேன்.

“பட்டி பாக்கறது வேற, சார்.”

“அது இதுல சேராதா?”

“அது எப்படி சார் சேரும்? சுவரு பூரா வெடிப்பு. சுரண்டறது வேற.”

“சரி. பிரைமர்?”

“பிரைமர் வேற.”

“அப்போ நீங்க சொன்ன ரேட் எதுக்கு?”

“பெயிண்ட் அடிக்கறதுக்கு சார்.”

“அப்பாடா. பெயிண்ட் அதுல வந்துடும்ல?”

மேஸ்திரி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “பெயிண்ட் வேற சார். நான் சொன்னது லேபர்.”

அதற்குப் பிறகு சாரம் கட்டுவது வேற என்றார். ஜன்னல் கம்பிக்கு எனாமல் வேற. சீலிங் வேற. சாமான்களை நகர்த்தி மூடிவைப்பது வேற. சாய்வு நாற்காலி என் மனக்கண்ணில் முதலில் முக்காலியாகிப் பிறகு தரையாகிவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவி, “டீ போடவா?” என்று கேட்டாள். “டீ வேற எதுக்கும்மா!” என்றார் மேஸ்திரி. அன்று பேசப்பட்ட ‘வேற’களில் எனக்குச் சாதகமானது அது ஒன்றுதான். அதையும் அவர் குடித்துவிட்டே போனார்.

அடுத்து ஷேடு கார்டு வந்தது. வெள்ளை போதும் என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். கார்டிலோ வெள்ளையே ஒரு பக்கத்துக்கு இருந்தது. ஒன்று தந்தத்தின் வெள்ளை, ஒன்று முத்தின் வெள்ளை, ஒன்று பால், ஒன்று மோர் என்று என் மனைவி விரலால் தடவித் தடவிச் சொன்னாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. இதைச் சொன்னதும் அவள் கார்டை மேஸ்திரி பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்கு வித்தியாசம் தெரிந்தது. தெரிந்ததற்கும் சேர்த்துத்தான் கூலி வாங்குகிறாரோ என்னவோ.

நிறங்களில் என் படிப்பு பள்ளிக்கூடத்துப் பென்சில் பெட்டியோடு நின்றுபோனது. அவளுக்கோ அரக்கு வேறு, மெரூன் வேறு, குங்குமம் வேறு. பச்சையில் மட்டும் கிளி, பாசி, பாட்டில், மாந்தளிர் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே ஒரு நீலம் உண்டு, எம்.எஸ். ப்ளூ. இங்க் ப்ளூ என்று சொல்லி அதை இழிவுபடுத்தக் கூடாது என்ற அளவுக்கு இப்போது தேறியிருக்கிறேன்.

மயில் கழுத்து நிறம் ஒன்றுதான் என் கட்சி. ஒருமுறை கடையில் அந்தப் புடவையைப் பார்த்து நான் நீலம் என்றேன்; அவள் பச்சை என்றாள். கடைக்காரர் துணியை இப்படியும் அப்படியும் மடித்துக் காட்டினார். பாவு நூலுக்கு ஒரு நிறம், ஊடை நூலுக்கு வேறு நிறம் போட்டு நெய்வதால், பார்க்கும் கோணத்துக்குத் தகுந்தபடி நிறம் மாறுமாம். “ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்” என்றார். கல்யாணமான பிறகு நான் சொன்னது சரி என்று மூன்றாம் மனிதர் ஒருவர் சாட்சி சொன்னது அப்போதுதான். அந்தப் பூரிப்பில் விலையைக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். அதே கடைக்காரர், சூடு ஆறுவதற்குள் கோர்வைப் புடவையையும் விரித்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடா போட்டு, இரண்டு பேர் சேர்ந்து நெய்து, இரண்டையும் பிரிக்க முடியாதபடி கோத்துவிடுவார்கள் என்று விளக்கினார். வேறாக இருந்தும் பிரியாமல் இருப்பதற்கு விலை அதிகம் என்பதைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

‘வேறு’ நம்முடைய சொல். ‘வித்தியாசம்’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அது ‘வ்யத்யாச’. கன்னடத்தில் இன்னமும் அப்படியேதான் சொல்கிறார்கள்; மலையாளத்தில் கடைசியில் ஒரு மகரத்தை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். நாம்தான் நாக்குக்கு வசதியாக வித்தியாசம் என்று ஆக்கிக்கொண்டோம். வடமொழியில் அதற்கு இடம் மாறிக் கிடப்பது, தலைகீழாவது என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருள் செத்துவிடவில்லை, நம் சாப்பாட்டு மேசைகளில் உயிரோடு இருக்கிறது என்பது என் ஆராய்ச்சி. ஒருவர் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, சற்று யோசித்து, “வித்தியாசமா இருக்கே!” என்றால், நன்றாக இருக்கிறது என்பதைத் தலைகீழாகச் சொல்கிறார்.

சமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அந்தச் சொல் விழுந்ததும், “பெருங்காயம் புது டப்பா”, “புளி பழசு”, “தண்ணி மாத்தி வந்திருக்கு” என்று ஜாமீன் மனுக்கள் வரத் தொடங்குகின்றன. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் யாராவது இப்படிக் காரணம் சொல்வார்களா?

சமையலில் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. பருப்பு கரைந்திருந்தால் சாம்பார், இல்லாவிட்டால் குழம்பு. எளிமையான கொள்கை; வத்தக் குழம்பு, காரக் குழம்பு, மோர்க் குழம்பு எல்லாமே அதில் ஒழுங்காக அடங்கி உட்கார்ந்தன. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன். மறு ஞாயிறு பருப்புருண்டைக் குழம்பு வந்தது. பருப்பு கண்ணெதிரே உருண்டு கிடக்கிறது; ஆனால் சாம்பார் இல்லை. “கரையலையே” என்று வாதாடினேன். என் மனைவி கரண்டியால் ஓர் உருண்டையைக் கரைத்துவிட்டு, “இப்ப சாம்பாரா?” என்றாள். கொள்கைகளை நேரடியாகப் பரிசோதித்துப் பார்ப்பவர்களோடு குடித்தனம் நடத்துவது சிரமம்.

சினிமாக்காரர்கள் இந்தச் சொல்லைத் தேய்த்த தேய்ப்புக்கு அளவில்லை. எந்தப் பேட்டியிலும் கதை வித்தியாசம், வேடம் வித்தியாசம், கிளைமாக்ஸ் வித்தியாசம். 1977-ல் ‘16 வயதினிலே’ வந்தபோது கேமரா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துத் தெருவில் இறங்கியது, கமல்ஹாசன் வாய் நிறைய வெற்றிலையோடு கோணல் நடை நடந்தார். அன்றைக்கு அதை வித்தியாசமான படம் என்றவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். இன்றைக்குப் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

கணக்குப் பாடத்தில் மட்டும்தான் இந்தச் சொல் மானத்தோடு பிழைக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழி, வருவது வித்தியாசம். அதில் முகத்தாட்சண்யத்துக்கு இடமில்லை. தேர்தலிலும் அப்படித்தான். 2016-ல் ராதாபுரத்தில் வாக்கு வித்தியாசம் 49. அதற்கு முன்னால் 2008-ல் ராஜஸ்தானின் நாத்வாராவில் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்; எதிராளிக்கு 62,216, அவருக்கு 62,215. இந்தச் செய்தியைத் தேர்தல் நாளன்று வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், ஜனநாயகக் கடமையை உணர்த்தும் நோக்கத்தில். “தோத்தவர் அவர் வீட்டம்மாகிட்ட அன்னிக்குக் காலையில என்ன சண்டை போட்டாரோ” என்றாள். காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று நான் அன்று காலையில் சொல்லியிருந்ததை உடனே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வார இதழ்களில் ‘ஆறு வித்தியாசங்கள்’ என்று ஒரு படப்புதிர் வருமே, நினைவிருக்கிறதா? பார்த்தால் இரண்டும் ஒரே படம். ஒன்றில் மாமியார் கையில் கரண்டி இருக்கும், மற்றதில் இருக்காது. எங்கள் அச்சகத்துக்கும் அப்படி ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் மெஷினில் மை கொஞ்சம் தெறித்து, இடப்பக்கத்து மாமனாருக்கு மட்டும் கன்னத்தில் மச்சம் வந்துவிட்டது. வாசகர்கள் விடாமல் எழுதினார்கள், வித்தியாசம் ஏழு என்று. புரூஃபில் மச்சம் இல்லை என்று நான் சொன்னதை முதலாளி ஏற்றுக்கொண்டார். வீட்டில்தான் எடுபடவில்லை. அந்த வாரம் அந்தப் புதிரைப் போட்டுப் பார்த்து மச்சத்தை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி.

இனி ‘அது வேற’ என்பதற்கு வருகிறேன். தமிழில் இதைவிடச் சுருக்கமான தீர்ப்பு கிடையாது. மேல்முறையீடும் கிடையாது. என் அண்ணன் வந்து தங்கினால், “அவருக்கு என்ன, இங்கயே இருந்துடலாம்னு நெனச்சுட்டாரா?” சரி, நியாயம். அவள் தம்பி வந்தான். என் அண்ணனைவிட நீண்ட காலம் இருந்தான். என் வேட்டியைக் கட்டிக்கொண்டான். நான் மெதுவாக, “அண்ணன் வந்தப்ப நீ என்ன சொன்ன?” என்று ஆரம்பித்தேன்.

“அது வேற.”

“எப்படி வேற?”

“அது வேற, இது வேற.”

முதல் வாக்கியத்துக்கு இரண்டாவது வாக்கியம் எப்படி விளக்கமாகும் என்று தர்க்க சாஸ்திரம் கேட்கும். கேட்கட்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழியை நான் எடுத்துவிட்டேன். சொந்தம் யாருடையதாக இருந்தாலும் செலவு செலவுதான் என்ற அர்த்தத்தில். “ஆமா, அதான். உங்க அண்ணன் வாயி வேற, என் தம்பி வயிறு வேற” என்று பழமொழியை வாங்கி அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர்கூட செல்வம் வேறு, அறிவுத் தெளிவு வேறு, உலகத்து இயற்கை இருவகை என்று பிரித்துவைத்திருக்கிறார். இரண்டிலும் சேராத மூன்றாம் வகை ஒன்று அவர் காலத்தில் இல்லை போலிருக்கிறது.

போனில் பேசும்போது ‘வேற’க்கு இன்னொரு வேலை உண்டு. யாரும் யாரிடமும் எடுத்ததும் விஷயத்தைச் சொல்வதில்லை. சௌக்கியம், வெயில், முழங்கால் என்று எல்லாம் ஆன பிறகு “அப்புறம்?” என்று ஒரு பக்கம், “வேற என்ன?” என்று இன்னொரு பக்கம். எங்கள் அச்சகத்துக்குப் புத்தகம் கொடுத்த யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவர் “வேறை என்ன புதினம்?” என்பார், காதுக்கு இதமாக இருக்கும். அதற்குச் செலவில்லாமல் பதில் சொல்லிவிடலாம். ஆபத்து எல்லாம் “வேற ஒண்ணுமில்ல” என்பதில்தான் இருக்கிறது. ஒரு விஷயமும் இல்லை என்று அகராதி சொல்லும். ஆனால் அனுபவப்பட்டவன் அந்தச் சொல்லைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொள்வான். “வேற ஒண்ணுமில்ல அண்ணே, பொண்ணுக்கு காலேஜ் சீட்டு கெடச்சிருக்கு, ஒரு அம்பதாயிரம் மட்டும்...” அதுவரை பேசிய முழங்கால்தான் ‘வேற’, இப்போது வந்ததுதான் விஷயம். என் சித்தப்பா மகன் இப்படி ஆரம்பித்தபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவன் வாசலில் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறான்.

லீவுக்கு வந்திருந்த பேரன் இலக்கண வீட்டுப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. பாடம்: வேற்றுமை. வேறு என்பதிலிருந்து வருவதுதான். பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை வேறுபடுத்துவதால் வேற்றுமை. நன்னூல் எட்டு என்கிறது. தொல்காப்பியத்தில் ஏழு என்ற கணக்கும் இருக்கிறது, விளியைச் சேர்த்து எட்டு என்ற கணக்கும் இருக்கிறது. கூப்பிடுவதை ஒரு தனி வேற்றுமையாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதில் அந்தக் காலத்திலேயே இரண்டு பேச்சு இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் எழவே வழியில்லை. “ஏங்க!” என்ற விளி வந்தால் மற்ற ஏழும் தானாகப் பின்னால் வரும்.

அவனுக்கு ‘நான்’ என்ற சொல்லைக் கொண்டு விளக்கினேன். “பாருடா, எழுவாயாக நிற்கும்போதுதான் ‘நான்’ முழுசா ‘நான்’. ஓர் உருபு வந்து ஒட்டிக்கொண்டதோ இல்லையோ, ‘என்’ என்று குறுகிவிடும். என்னை, என்னால், எனக்கு, எனது.” சொல்லும்போதே எனக்கு என் கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வந்தது.

“புரிஞ்சுது தாத்தா, நானே எழுதறேன்” என்று போனான். கொஞ்ச நேரத்தில் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டேன். ‘தாத்தா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு எழுதியிருந்தான்.

இரண்டாம் வேற்றுமை, செயப்படுபொருள்: பாட்டி தாத்தாவைத் திட்டினாள். மூன்றாம் வேற்றுமை, கருத்தாப் பொருள்: ஊறுகாய் ஜாடி தாத்தாவால் உடைக்கப்பட்டது. நான்காம் வேற்றுமை: தாத்தாவுக்குச் சமையல் தெரியாது. ஐந்தாம் வேற்றுமை, ஒப்புப் பொருள்: தாத்தாவின் அறிவுடையவள் பாட்டி. ஆறாம் வேற்றுமை: தாத்தாவினது கண்ணாடி காணவில்லை. ஏழாம் வேற்றுமை: தாத்தாவிடம் பணம் இல்லை. எட்டாம் வேற்றுமை: தாத்தா!

எழுத்துப் பிழை பார்த்தேன். சந்தி பார்த்தேன். ஒற்று மிகும் இடங்களிலெல்லாம் மிகுந்திருந்தது. ஒரு திருத்தம் போட இடமில்லாமல் பேனாவை மூடினேன். லீவு முடிந்து போன பிறகு வாத்தியார் முழு மதிப்பெண் போட்டதோடு ‘நல்ல எடுத்துக்காட்டுகள்’ என்றும் எழுதியிருந்தாராம்.

வேற்றுமை அணி என்று ஒன்றும் உண்டு. அதை அவனுக்கு அடுத்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு பொருள்களை முதலில் ஒப்பிட்டுவிட்டுப் பிறகு பிரித்துக் காட்டுவது. தீப்புண்ணையும் சொல்லால் வந்த வடுவையும் பற்றிய குறளைத்தான் எல்லா வாத்தியார்களும் எடுத்துக்காட்டுவார்கள். என் மனைவி அணியிலக்கணம் படித்தவள் இல்லை. ஆனாலும், “பக்கத்து வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆயிட்டாரு, நீங்களும் ரிட்டயர் ஆயிட்டீங்க” என்று ஒப்புமையில் ஆரம்பித்து, சற்று நிறுத்தி, “அவரு மாடித் தோட்டம் போட்டிருக்காரு” என்று வேற்றுமையில் முடிப்பாள். தண்டி ஆசிரியருக்கே திருப்தியாக இருக்கும்.

பேரனை அழைத்துப்போக மாப்பிள்ளை வந்த அன்று வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை. மேஸ்திரி சமையலறையை எடுத்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் அடுப்பை வைத்துக்கொண்டு, ‘தாத்தாவுக்குச் சமையல் தெரியாது’ என்ற நான்காம் வேற்றுமையைப் பொய்யாக்கிவிடும் வைராக்கியத்தோடு நானே ரவா உப்புமா கிண்டினேன். தேங்காய்ச் சட்னியும் அரைத்தேன். மாப்பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

“வேற லெவல், மாமா!”

இந்தத் தொடரை இளைஞர்கள் எதற்கும் சொல்கிறார்கள், ஏ.ஆர். ரஹ்மான்கூட இதில் ஒரு பாட்டே போட்டார். பாராட்டுதான் என்று எடுத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தேன். “லெவல் வேறன்னுதான் சொன்னாரு. மேலயா கீழயான்னு சொல்லலையே” என்றாள் அவள். மாப்பிள்ளை அவசரமாகத் தண்ணீர் குடித்தார். நான் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தேன்.

“ஐயோ மாமா, சட்னி வேற பண்ணியிருக்கீங்களா?”

பெயருக்குப் பின்னால் வந்திருந்தது. முன்னால் ஓர் ‘ஐயோ’வும் இருந்தது. ஊற்றலாமா கூடாதா என்று கரண்டியோடு நான் நின்றுகொண்டிருக்கும்போதே பேரன் தன் தட்டை என் பக்கம் தள்ளினான்.

“தாத்தா, எனக்கு வேற டிபன்.”

இது முன்னால் வந்தது. இதில் எந்த மயக்கமும் இல்லை.